இடது பெட்டியில் சத்தம் கம்மி

தம்பி,

அந்த ஒயரை வாங்காதே. ஆர்டர் போட்டுவிட்டாய் என்றால் பிரிக்காமல் திருப்பி அனுப்பு. போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து, "அப்பா, புது வூட்டு ஹாலுக்கு ஆம்பும் ஸ்பீக்கரும் வந்துட்டுது, ஒயரு மட்டுந்தான் பாக்கி. ஒருத்தன் மீட்டரு எட்டாயிரம்னு ஒரு ஒயரைக் காட்றான். அதுல போட்டா சத்தம் அப்படியே தெளிஞ்சு வருமாம். வாங்கட்டுமா?" என்று கேட்டாய். நான் ஒரு மூச்சுகூட யோசிக்கவில்லை. "ஒயருல மட்டும் காசு பாக்காதடா. சத்தமே ஒயருலதான் இருக்குது" என்று சொல்லிவிட்டேன். நீ சிரித்தாய். "கடையில சொல்வீங்களே, அதே டயலாக்" என்றாய். போனை வைத்த பிறகு எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நீ சொன்னது சரிதான். அது அப்பன் மகனுக்குச் சொன்ன பதில் இல்லை. கள்ளக்குறிச்சியில் இருபத்திரண்டு வருஷம் ரேடியோக் கடை வைத்திருந்தவன், மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களிடம் சொல்லிச் சொல்லி வாயில் பழகிப்போன பொய். பெற்ற பிள்ளை கேட்டபோதும் அதுதான் முதலில் வந்து நிற்கிறது என்றால் நான் என்ன ஜென்மம் என்று ஒரு வாரமாக என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் நீ கேட்டதற்கு ஒழுங்கான பதிலைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் புலம்பலில் அது தொலைந்துபோகும். உன் ஹாலில் ஸ்பீக்கர் பெட்டிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே மிஞ்சிப்போனால் பதினைந்து அடி இருக்கும். அந்தத் தூரத்துக்கு, கையில் பிடித்தால் கொஞ்சம் கனமாக இருக்கிற சாதாரணச் செம்பு ஒயர் போதும். எலக்ட்ரிக்கல் கடையில் கேட்டால் வேண்டிய நீளத்துக்கு அறுத்துக் கொடுப்பார்கள். நூல் மாதிரி மெல்லிசான ஒயரை நெடுந்தூரம் இழுத்தால் சத்தம் கொஞ்சம் வீணாகும், அது உண்மை. முனையைச் சரியாகச் சீவி முறுக்காவிட்டால் கரகரக்கும், அதுவும் உண்மை. அதற்கு மேல் வெள்ளி முலாம், பின்னல், மரப்பெட்டி எல்லாம் கண்ணுக்குத்தான். நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு வேலை செய். நீ சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, என் மருமகளை விட்டு இரண்டு ஒயரையும் மாற்றி மாற்றிப் போடச் சொல். எதைப் போட்டிருக்கிறாள் என்று அவள் சொல்லக் கூடாது. பத்துத் தடவை மாற்றினால் பத்துத் தடவையும் சரியாகச் சொல்கிறாயா பார். சொல்லிவிட்டால் தாராளமாக வாங்கு, நான் குறுக்கே வரமாட்டேன். அப்படிச் சொன்னவர் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. ஒருவர் இருக்கிறார் என்று மட்டும் நான் பல வருஷம் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் அம்மாவுக்குக்கூட முழுசாகத் தெரியாத விஷயம் இது.

அவர் பெயர் பொன்னன். வெள்ளிமலைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மலையிலேயே பிறந்து, சாமையும் தினையும் விதைத்த வீட்டில் வளர்ந்து, மலை ஜனங்களுக்கு என்று ஒதுக்கிய இடத்தில் படித்து மேலே வந்தவர். அவருடைய ஊரில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் அவர்தான். வாத்தியார் வேலைக்குப் போன முதல் ஆளும் அவர்தான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கடைக்கு முதலில் வந்தபோது வேட்டியை மடித்துக்கட்டாமல், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "செருப்போட வாங்க வாத்தியாரே" என்றால், "இருக்கட்டுங்க, மிஷினு வச்சிருக்கிற எடம்" என்பார். அந்தக் காலத்தில் கம்பெனி ஸ்டீரியோ எல்லாம் பெரிய பண்ணைக்காரர்கள் வீட்டில்தான் இருக்கும். மற்றவர்களுக்கு நான் அசெம்பிள் செய்து கொடுப்பேன். ஒரு ஆம்பு, ஒரு டேப் டெக், இரண்டு மரப்பெட்டி. பொன்னன் வாத்தியாருக்கும் அப்படி ஒன்று செய்து கொடுத்தேன். ஆம்பை அவர் மடியில் வைத்துக்கொண்டு, பெட்டிகளைப் பஸ் மேலே கட்டி, மலைப் பாதையில் திருப்பத்துக்குத் திருப்பம் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே போனாராம். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் பாட்டுப் போடுவார். "பத்து வூட்டுக்காரங்களும் வந்து குந்திக்கினு கேக்கறாங்க ரேடியோக்காரரே, உங்க பேரைச் சொல்லிக்கினேதான் போடறேன்" என்று அடுத்த மாதம் வந்து சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கடுத்த வருஷம்தான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம். நம்ம சனங்களுக்குத் தனியாகப் பங்கு வேண்டும் என்று ரோட்டை மறித்த அந்த வாரம் உனக்குக் கைக்குழந்தை வயது. நானும் போனேன். கச்சிராயப்பாளையம் ரோட்டில் புளியமரத்தை வெட்டிச் சாய்த்த கூட்டத்தில் கயிற்றைப் பிடித்து இழுத்தவர்களில் நானும் ஒருவன். என்னையும் பிடித்துக்கொண்டுபோய் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அந்தப் போராட்டத்தில் உயிரை விட்டவர்கள் உண்டு. அதனால் அதைப் பற்றி ஒரு சொல்கூட லேசாகப் பேசமாட்டேன். கேட்டது நியாயம்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். படிப்பு வாசனை இல்லாமல் கம்புக் களத்திலேயே கிடந்த கூட்டம் நாங்கள். என் பிள்ளையாவது காலேஜ் வாசலை மிதிக்க வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தினேன். பின்னால் உனக்கு இன்ஜினியரிங் சீட்டு கிடைத்தது அந்தக் கத்தலில்தான் என்று உன்னிடம் எத்தனை தடவை மார்தட்டியிருக்கிறேன், எண்ணிப் பார். கத்திவிட்டு வந்த அதே வாரம் கடைக்குள் உட்கார்ந்து நான் செய்ததை மட்டும் உன்னிடம் சொன்னதில்லை.

மண்டபத்திலிருந்து விட்ட மறுநாள் காலை ஷட்டரை அரைவாசி ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பஸ் இன்னும் ஓடவில்லை, கடைத்தெருவே வெறிச்சோடிக் கிடந்தது. அந்த நேரத்தில் பொன்னன் வாத்தியார் தலையில் கோணிப்பையோடு வந்து நின்றார். பைக்குள் ஆம்பு. மலையிலிருந்து அடிவாரம் வரைக்கும் ஜீப்பில் வந்து, அங்கிருந்து வெட்டிப்போட்ட மரங்களைச் சுற்றிச் சுற்றி நடந்தே வந்திருக்கிறார். முழங்காலெல்லாம் முள் கீறியிருந்தது. அந்த மரங்களை யார் வெட்டினார்கள் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இடது பொட்டியில சத்தம் கம்மியா வருதுங்க. ஒரு மாசமாவே அப்படித்தான். வூட்ல சொன்னா, நல்லாத்தான் வருதுன்றாங்க. அவங்களுக்கு இன்னா தெரியும்? எனக்குத் தெரியுது" என்றார். காதில் பஞ்சு வைத்திருந்தார். லேசாக ஒரு வாடை அடித்தது. "காதுல இன்னாங்க?" என்றேன். "கொஞ்சம் சீழு. பூண்டு எண்ணெ விட்டுக்கினு இருக்கேன்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

அவருடைய ஆம்பைக் கடையிலிருந்த இரண்டு பெட்டிகளோடு இணைத்து, நடுவில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தேன். என் காதுக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் வந்தது. அவர் இடது பக்கத்தைக் காட்டி, "இதாங்க" என்றார். எங்கள் தொழிலில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழிதான் உண்டு. ஒவ்வொன்றாக இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். பொருளோடு கோளாறும் சேர்ந்து போனால் அந்தப் பொருள்தான் குற்றவாளி. பெட்டிகளை இடம் மாற்றினேன். அவர் மறுபடியும் இடது பக்கத்தையே காட்டினார். அப்படியென்றால் பெட்டி இல்லை. ஒயர்களை மாற்றினேன். இடது. ஆம்பின் பின்பக்கம் இரண்டு வாய்களையும் மாற்றிச் சொருகினேன். இடது. மாற்றுவதற்கு இன்னும் ஒன்றுதான் பாக்கி. "வாத்தியாரே, கொஞ்சம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அந்தாண்ட பாத்து குந்துங்க" என்றேன். எழுந்து, திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது இன்னாங்க அதிசயம்! இப்ப மத்தப் பொட்டியில கம்மியா வருது" என்றார். நான், "வாத்தியாரே" என்று சாதாரணக் குரலில் அவருடைய இடது காதுப் பக்கம் பின்னாலிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு, அதே பக்கத்திலிருந்து மெல்ல இன்னொரு தடவை கூப்பிட்டேன். அதற்கும் திரும்பவில்லை.

ஆக, எனக்குத் தெரிந்துவிட்டது தம்பி. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை. அந்த மனிதருக்கு இடது காது போய்க்கொண்டிருக்கிறது என்று அந்த நிமிஷம் உலகத்திலேயே தெரிந்த ஒரே ஆள் நான்தான். அவருக்கே தெரியாது. "உங்க காதுலதான் கோளாறு, டாக்டராண்ட போங்க" என்று சொல்ல என்ன ஆகியிருக்கும்? ஏன் சொல்லவில்லை என்று இத்தனை வருஷம் எத்தனையோ சாக்குத் தேடியிருக்கிறேன். ஒரு வாத்தியாரைப் பார்த்துச் செவிடு என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தேன் என்பேன். அது பாதிதான் உண்மை. ஒரு வாரமாகக் கடை காற்றாடுகிறது, இவ்வளவு தூரம் சுமந்துகொண்டு வந்தவரை ஒன்றும் விற்காமல் எப்படி அனுப்புவது என்று நினைத்தேன். அது முக்கால்வாசி உண்மை. மீதியைச் சொல்ல நாக்குக் கூசுகிறது. மலையிலிருந்து வருகிறவர், இவருக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். எங்களை யாரும் மனுஷனாக மதிக்கவில்லை என்று மூன்று நாளைக்கு முன்னால் நடுரோட்டில் நின்று கத்தியவன் அப்படி நினைத்தேன்.

கடையில் ஒரு சுருள் ஒயர் இருந்தது. சிங்கப்பூர் போய் வந்த ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. கண்ணாடி மாதிரி மேலுறை, உள்ளே ஒரு பக்கம் செம்பு நிறம், ஒரு பக்கம் வெள்ளி நிறம். வெறும் செம்புதான். ஈயம் பூசியிருந்ததால் பளபளத்தது. அதை எடுத்து அவர் கையில் வைத்து, "கோளாறு ஒயருலதாங்க வாத்தியாரே. இந்த லோக்கல் ஒயரு சத்தத்தைத் தின்னுடுது. இது ஃபாரின். கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனா ஒயருல மட்டும் காசு பாக்காதீங்க. சத்தமே ஒயருலதான் இருக்குது" என்றேன். நீ போனில் கேட்டாயே, அந்த வாக்கியம் அன்றைக்குத்தான் பிறந்தது. அவர் ஒயரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "போட்டுக் காட்டுங்க" என்றார். போட்டுக் காட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடுமே. அதற்கும் வழி வைத்திருந்தேன். ஆம்பின் முன்பக்கத்தில் இடது வலது சத்தத்தைச் சமன் செய்ய ஒரு குமிழ் இருக்கும். அதைத் தொட்டால் அவருக்குத் தெரிந்துவிடும். உள்ளே அதே வேலையைச் செய்கிற சின்னத் திருகு ஒன்று உண்டு. தூசி தட்டுகிற மாதிரி மூடியைத் திறந்து, அந்தத் திருகைத் திருப்பி இடது பக்கத்தை நன்றாக ஏற்றி, வலது பக்கத்தை இறக்கி, மூடினேன். அவரைப் பழையபடி பெட்டிகளைப் பார்த்து உட்கார வைத்து, புது ஒயரைப் போட்டுப் பாட்டை விட்டேன். வாத்தியார் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அட, ரெண்டு பக்கமும் ஒண்ணா வருதுங்க! வந்துட்டுது!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு எப்படிக் கேட்டது தெரியுமா? இடது பெட்டி காட்டுக்கத்தலாகக் கத்தியது. வலது பெட்டி முனகியது. "சூப்பரா வருது" என்றேன்.

பஸ் ஓட ஆரம்பித்த முதல் வாரமே அவர் ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "கொழந்தைக்குக் குடுங்கம்மா, எங்க தோட்டத்துப் பழம். உங்க வூட்டுக்காரரு கைராசிக்காரரு" என்றார் உன் அம்மாவிடம். அம்மா சுளையைப் பிசைந்து உன் வாயில் வைத்தாள். நீ சப்புக்கொட்டித் தின்றாய். நான் தலைவலி என்று சொல்லிவிட்டுத் தொடவில்லை. மனசாட்சி அந்த அளவுக்குத்தான் வேலை செய்தது. அதற்கு மேல் செய்யவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "மலை வாத்தியாரு ஒருத்தரு, கண்ணை மூடிக்கினே ஒயரு மாத்தினதைக் கண்டுபுடிச்சாரு" என்று கதை அளந்தேன். அந்தக் கதையில் எத்தனையோ ஒயர் விற்றது. ஐந்து மாதம் கழித்து அவர் திரும்ப வந்தார். இப்போது இரண்டு பக்கமும் மங்கலாக இருக்கிறது என்றார். பேசும்போது குரல் உரக்க வந்தது, நான் பேசியபோது என் வாயையே பார்த்தார். அப்போதாவது சொன்னேனா? இன்னும் தடிமனான ஒயர் ஒன்றைக் கொடுத்து, சத்தத்தைக் கூட்டி வைத்து அனுப்பினேன். சளி பிடித்திருக்கும், தானாகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூடன் கூட அதை நம்பமாட்டான்.

உண்மையைச் சொன்னது பக்கத்துக் கடை பாய். எலக்ட்ரிக்கல் சாமான் கடை வைத்திருந்தாரே, நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புவாரே, அவர்தான். அதற்கு மூன்று மாதம் கழித்து, நாங்கள் திருநாவலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில் வாத்தியார் வந்திருக்கிறார். கடை பூட்டியிருக்கவே பாய் கடைக்குப் போய், வேறு நல்ல ஒயர் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். பாய் இரண்டு வார்த்தை பேசிப் பார்த்துவிட்டு, ஒரு பேப்பரில், "உங்க காதுலதான் கோளாறு, ஒயர்ல இல்லீங்க. இன்னிக்கே ஆஸ்பத்திரி போங்க" என்று எழுதிக் காட்டி, பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கிறார். மறுநாள் நான் கடையைத் திறந்ததும் பாய் வந்தார். "உங்களாண்ட மாசக்கணக்கா வந்துகினு இருக்காரு. உங்களுக்குத் தெரியலியா?" என்று கேட்டார். "தெரியலீங்க பாய்" என்றேன். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் எங்களோடு நன்றாகத்தான் பழகினார். ஆனால் ரிப்பேருக்கு என்று யாரையும் என்னிடம் அனுப்பியதே இல்லை.

சீழ் இரண்டு காதிலும் பிடித்து, உள்ளே எலும்பை அரித்துவிட்டதாம். இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில் வாயை வைத்துக் கத்தினால் ஏதோ கொஞ்சம் கேட்கும். முதல் தடவை இடது பக்கம் மங்கியதுமே வந்திருந்தால் இரண்டையும் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக வாத்தியாரின் சம்சாரம் பஸ் ஸ்டாண்டில் உன் அம்மாவைப் பார்த்துச் சொல்லி அழுதிருக்கிறார். முதல் தடவை மங்கியபோது அவர் வந்தது என்னிடம். வகுப்பில் பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள் என்று தெரியாமல் எப்படிப் பாடம் நடத்துவது? வேலையை விட்டு எடுக்கவில்லை, ஆனால் பள்ளிக்கூடத்துச் சத்துணவுச் சாமான் அறையில் அரிசி பருப்பு அளக்கிற பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஊரில் முதன்முதலாகச் சாக்பீஸ் பிடித்த மனிதர், மிச்ச சர்வீஸ் முழுக்க அரிசி அளந்தார். எங்களுக்குப் பங்கு கொடு என்று நான் கத்தியபோது, தன் பங்கு கைக்கு வந்து சேர்ந்த ஒருவருடைய பங்கை நான் பிடுங்கிவிட்டேன். இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று ஒரே ஒரு தடவை மலைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் வாத்தியார் ஓடிவந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அவர் சம்சாரம் சாமைச் சோறும் குழம்பும் வைத்தார். நான் சாப்பிடாமல், "வாத்தியாரே, தப்பு என்னுதுதாங்க, எனக்கு அன்னைக்கே தெரியும்" என்று ஆரம்பித்தேன். அவர் சிரித்துக்கொண்டே என் வாயைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. காதருகே போய்க் கத்தியிருக்கலாம். ஆனால் வாசலில் நாலைந்து பேர் நிற்கிறார்கள், சம்சாரம் அடுப்படியில் இருக்கிறார், பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். கத்திச் சொல்லுகிற விஷயமா அது? நான் முழிப்பதைப் பார்த்து அவரே ஒரு நோட்டையும் பென்சிலையும் எடுத்துக் கொடுத்து, "எழுதிக் காட்டுங்க, எல்லாரும் அப்படித்தான் பேசறாங்க" என்றார். பென்சிலை வாங்கினேன். "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு அவர் கண் கலங்கினார். "காது போனப்புறம் என்னைத் தேடிக்கினு மலையேறி வந்த கீழ்நாட்டு ஆளு நீங்க ஒருத்தர்தாங்க" என்றார். அதோடு நிற்கவில்லை. "இருங்க, செட்டு நல்லாப் பாடுதான்னு கேட்டுச் சொல்லுங்க. எனக்குத்தான் தெரியல, புள்ளைங்களாவது நல்லாக் கேக்கட்டும்" என்று பாட்டைப் போட்டார். போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து, பாட்டு எப்படி இருக்கிறது என்று என் முகத்தில் தேடினார். இடது பெட்டி காட்டுக்கத்தலாகக் கத்தியது. அந்த வீட்டுப் பிள்ளைகள் அத்தனை நாளும் அப்படித்தான் பாட்டுக் கேட்டிருக்கிறார்கள். மூடியைத் திறந்து திருகைச் சரிசெய்யக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லை, ஏன் திறக்கிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது? நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டினேன். மலையை விட்டு இறங்குகிற பஸ்ஸில், நல்லவேளை அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்தேன் தம்பி. என் வாழ்க்கையில் நான் நினைத்ததிலேயே கேவலமானது அதுதான்.

பிறகு போகவே இல்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது ஏன் இதெல்லாம் என்று நீ கேட்பாய். உன் போன் வருவதற்குப் பத்து நாள் முன்னால் நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். "இன்னாங்க, தெருவே கேக்கிற மாதிரி அலறவுட்டுக்கினு குந்தியிருக்கீங்க? உங்களுக்குக் காது மந்தமாயிட்டுது. நாளைக்கே போயி காட்டுங்க" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. டிவியில்தான் கோளாறு என்றேன். "டிவியும் நல்லாருக்குது, ஒயரும் நல்லாருக்குது, காதைக் காட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள். மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் அழுக்கை எடுத்து, சொட்டு மருந்து கொடுத்து, மிச்சம் வயசுக் கோளாறு என்று அனுப்பினார். அவ்வளவுதான். அவள் அதை நாசூக்காகச் சொல்லவும் இல்லை, யோசித்துச் சொல்லவும் இல்லை. நான் நல்லா இருக்க வேண்டும் என்று நினைத்தாள், சொல்லிவிட்டாள். டாக்டர் வீட்டுப் படியில் செருப்பை மாட்டும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் அம்மா பயந்துபோய், "வலிக்குதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

பொன்னன் வாத்தியார் இருக்கிறார். ரிட்டையர் ஆகி அதே வீட்டில்தான் இருக்கிறார் என்று விசாரித்துவிட்டேன். மேலே உனக்கு எழுதியதையெல்லாம் அவருக்கும் எழுதி வைத்திருக்கிறேன். பெரிய எழுத்தில், ஏழு பக்கம், ஒன்றையும் விடவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போடச் சொன்னது, பின்னாலிருந்து கூப்பிட்டுப் பார்த்தது, அவரைப் பற்றி நான் மனசுக்குள் நினைத்தது எல்லாம் அதில் இருக்கிறது. தபாலில் போடமாட்டேன். அவர் படிக்கும்போது நான் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும், அவர் முகத்தை நான் பார்க்க வேண்டும். மன்னியுங்கள் என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் அவர் மன்னித்துவிடுவார், அதுதான் பயம். சனிக்கிழமை காலை பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். காரில் கூட்டிப்போகிறேன் என்று நீ வராதே. நீ பக்கத்தில் இருந்தால் நான் நல்ல அப்பனாக நடிக்க ஆரம்பித்துவிடுவேன், காரியம் கெட்டுப்போகும். உனக்கு இதை எழுதியதற்கே காரணம், எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை என்பதுதான். எனவே ஒரு உதவி செய். சனிக்கிழமை சாயங்காலம் எனக்குப் போன் பண்ணு. பஸ் கிடைத்ததா, சாப்பிட்டீர்களா என்று ஆரம்பிக்காதே. "குடுத்துட்டீங்களா?" என்று மட்டும் கேள். நான் உன் பெண்டாட்டி எப்படி இருக்கிறாள், அங்கே மழையா என்று வேறு பேச்சை எடுத்தேன் என்றால், போனை வைத்துவிடாதே. மறுபடியும் கேள்.

உன் அப்பா